படம் எடுக்கும் முன்னால் முதலாளி யாரென்று பாருங்கள்: வட ஆற்காட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் வந்து பேசும்போது முதலில் கதை சொல்வார்கள், அப்புறம் பட்ஜெட், அப்புறம் ஹீரோ யார் என்று. எடுத்த படத்தை யாரிடம் விற்கப் போகிறீர்கள் என்று கேட்டால் "நல்லா எடுத்தா தானா ஓடும்ணா" என்று பதில் வரும். ஓடுவதற்கு ஒரு இடம் வேண்டுமே, அந்த இடம் யாருடையது, அவருக்கும் அதே வெள்ளிக்கிழமை சொந்தப் படம் இருக்கிறதா என்பதை யாரும் விசாரிப்பதில்லை. அதை எப்படி விசாரிப்பது, விசாரித்துத் தெரிந்ததை வைத்து என்ன செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன். விஸ்காம் படிக்கிற பிள்ளைகளுக்கு "ஊடக உடைமை" என்று இது ஒரு பாடமாகவே வருகிறது, அவர்களுக்கும் உதவும். ஆனால் என் மனதில் இருப்பது ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ நாலு நண்பர்கள் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு சின்னப் படம் எடுக்கலாமா என்று ராத்திரி டீக்கடையில் பேசிக்கொண்டிருப்பவர்கள்.

விஷயம் இதுதான். பெரிய கம்பெனியிடம் பணம் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய வசதி, அது தன் படத்தைத் தனக்கே விற்றுக்கொள்ள முடியும் என்பது. நீங்கள் ஒவ்வொரு உரிமையையும் ஒவ்வொரு அந்நியரிடம் கொண்டுபோய்க் காட்டிப் பேரம் பேச வேண்டும்.

ஒரு தாள், மூன்று கட்டம்

ஒரு வெள்ளைத் தாளில் நீளவாக்கில் இரண்டு கோடு போடுங்கள். இடது கட்டத்தில் படத்துக்குப் பணம் வருகிற வழிகள்: தியேட்டர், சாட்டிலைட் என்று சொல்கிற டிவி உரிமை, ஓடிடி, பாட்டு, வெளிநாடு, டப்பிங், ரீமேக். நடுக் கட்டத்தில் அதை வாங்கக்கூடியவர்களின் பெயர். வலது கட்டத்தில் அவர்களின் முதலாளி யார், அந்த முதலாளி படமும் எடுக்கிறாரா.

பழகிக்கொள்வதற்காக முதலில் உங்கள் படத்துக்கு எழுதாதீர்கள், ஒரு பெரிய கம்பெனிக்கு எழுதிப் பாருங்கள். சன் பிக்சர்ஸை எடுத்துக்கொள்வோம். அது தனிக் கம்பெனி இல்லை, சன் டிவி நெட்வொர்க்கின் ஒரு பிரிவு. 1993 சித்திரை முதல் நாளில் ஆரம்பித்த சேனல், 2006இல் பங்குச் சந்தைக்கு வந்தது, 2008இல் படங்களை வாங்கி வெளியிடத் தொடங்கியது, 2010இல் எந்திரனைத் தயாரித்தது. இப்போது வலது கட்டத்தை நிரப்புங்கள். டிவி என்றால் சன், அப்புறம் கே டிவி. பாட்டு ஓடுவதற்கு சன் மியூசிக். ரேடியோவுக்கு சூரியன் எஃப்.எம். ஓடிடிக்கு சன் நெக்ஸ்ட். பேப்பர் விளம்பரத்துக்கு தினகரன், அதை நடத்துவது வேறொரு கம்பெனி, ஆனால் முதலாளி அதே கலாநிதி மாறன். கட்டம் முழுக்க ஒரே வீட்டு முகவரிதான் வரும். சீரியல் நடுவில் டிரெய்லர் போட யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம், ஒரு விளம்பர இடம் குறையும், அவ்வளவுதான். படம் தியேட்டரில் படுத்தாலும் "திரைக்கு வந்து சில மாதங்களே ஆன" என்று ஒரு பண்டிகை மதியத்துக்குப் போட்டுவிட்டு, பிறகு வருடக்கணக்கில் கே டிவியில் ஓட்டலாம். நஷ்டம் ஒரே நாளில் தலையில் இறங்காமல் பரவிப் போகும்.

இப்போது அதே தாளின் பின்பக்கம் உங்கள் படத்துக்கு எழுதுங்கள். நடுக் கட்டத்தில் ஏழெட்டுப் பெயர் வரும், வலது கட்டத்தில் அவர்கள் பாதிப்பேருக்கு நேராக "சொந்தப் படம் உண்டு" என்று எழுத வேண்டியிருக்கும்.

இதில் ஆத்திரப்பட ஒன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம். கடை வைத்திருக்கிறவன் தன் சரக்கைத்தான் முன்னால் அடுக்குவான். இது இன்று நேற்று வந்ததும் இல்லை. எஸ்.எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்கினார், பிறகு ஜெமினி ஸ்டூடியோவைத் தொடங்கினார், பத்திரிகையும் ஸ்டூடியோவும் ஒரே கையில் இருந்தன. 1948இல் சந்திரலேகாவுக்கு அவர் செய்த விளம்பரத்தை இன்றைக்கும் பேசுகிறார்கள். அதே 1948இல்தான் அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில், படம் எடுக்கிற ஸ்டூடியோக்களே தியேட்டர்களையும் கையில் வைத்துக்கொண்டு தனி ஆட்களை நெருக்குவதற்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பெரிய ஸ்டூடியோக்கள் தியேட்டர்களைப் பிரித்துவிட வேண்டியதாயிற்று, ஒரு நல்ல படத்தோடு நாலு சுமாரான படத்தைக் கட்டி விற்பதும் தடையானது. அந்தக் கட்டுப்பாட்டை 2020இல் எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு கட்டுப்பாடு சினிமாவுக்கு வரவே இல்லை. ஒரே ஆள் பேப்பர், சேனல் எல்லாம் வைத்திருப்பதற்கு வரம்பு வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014இல் பரிந்துரை கொடுத்தது, அது சட்டமாகவில்லை. அதனால் சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திராமல் தாளை நிரப்புங்கள்.

முதலாளியைக் கண்டுபிடிக்கும் வழி

வலது கட்டத்தை வதந்தியால் நிரப்பக் கூடாது. நம் ஊரில் "அந்த சேனல் அவரோடது, பினாமி" என்று டீக்கடையில் சொல்வதையெல்லாம் எழுதினால் தாள் வீண்.

பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனி என்றால் வேலை சுலபம். சன் டிவி, ஜீ, பிவிஆர் ஐநாக்ஸ், சரிகமா எல்லாம் பட்டியலில் உள்ளவை. என்.எஸ்.இ., பி.எஸ்.இ. இணையதளங்களில் யாருக்கு எத்தனை சதவீதப் பங்கு என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். அவர்களின் ஆண்டறிக்கையை இறக்கி, முன்னால் இருக்கிற படங்களையும் தலைவர் உரையையும் தள்ளிவிட்டு, கடைசிப் பக்கங்களில் கணக்குக் குறிப்புகளுக்குப் போங்கள். அங்கே தொடர்புடைய கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கல் என்று ஒரு குறிப்பு இருக்கும். எந்தக் கை எந்தக் கைக்கு விற்றது என்பது அந்த இரண்டு மூன்று பக்கத்தில் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில்தான் இருக்கும், பி.காம். படித்த ஒரு ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், வேலூரில் அதற்கா பஞ்சம்?

தனியார் கம்பெனி என்றால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். எப்போது பதிவானது, இயக்குநர்கள் யார் என்கிற அடிப்படை விவரம் இலவசம். மற்ற ஆவணங்களுக்குச் சின்னக் கட்டணம் உண்டு. அந்த இயக்குநர்கள் வேறெந்தக் கம்பெனிகளில் இருக்கிறார்கள் என்று நூல் பிடித்துப் போனால் பல நேரம் ஒரு சேனலிலோ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியிலோ போய் முடியும்.

மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை, படம் ஆரம்பிக்கும்போது வரும் டைட்டில் கார்டு. பாப்கார்ன் வாங்கிக்கொண்டு தாமதமாக உள்ளே போகிற பழக்கத்தை விடுங்கள். யார் "வழங்கும்", யாருடைய "தயாரிப்பு", யாருடைய "வெளியீடு", ஆடியோ யாரிடம், டிவி யாரிடம், டிஜிட்டல் யாரிடம் என்று எல்லாம் அந்த முதல் இரண்டு நிமிடத்தில் ஓடிவிடும். தயாரிப்பும் வெளியீடும் ஒரே பெயரா, இரண்டு பெயரா என்று பாருங்கள். உதயநிதி ஸ்டாலின் 2008இல் தொடங்கிய ரெட் ஜெயன்ட் மாதிரி கம்பெனிகள் சொந்தப் படமும் எடுக்கும், அடுத்தவர் படத்தையும் வெளியிடும். இப்படி ஒரு மாதம் வருகிற தமிழ்ப் படங்களுக்கெல்லாம் குறித்துக்கொண்டால், தமிழ் சினிமாவில் வாசல் எத்தனை என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

சேனலை எண்ணாதீர்கள்

ரிமோட்டை அமுக்கினால் தமிழில் நிறைய சேனல் வருகிறது, யாராவது வாங்குவார்கள் என்று நினைப்பது தப்புக் கணக்கு. எண்ண வேண்டியது வாங்குகிற முதலாளிகளை.

விஜய் டிவியின் கதையைப் பாருங்கள். 2001இல் அது ஸ்டார் கைக்கு வந்தது, ஸ்டார் இருந்தது ரூபர்ட் முர்டோக் கையில். 2019இல் டிஸ்னி சுமார் 7,100 கோடி டாலருக்கு முர்டோக்கின் ஃபாக்ஸை வாங்கியபோது விஜய் டிவியும் அந்த மூட்டையோடு டிஸ்னிக்குப் போனது. 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்திய வியாபாரமும் ரிலையன்ஸின் வயாகாம்18உம் ஒன்றாகி ஜியோஸ்டார் ஆனது, மொத்த மதிப்பு 70,352 கோடி ரூபாய். சத்துவாச்சாரியில் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் மாறவில்லை, அதே சேனல், அதே சீரியல். ஆனால் படம் விற்கப் போகிறவருக்கு மாறியது. கலர்ஸ் தமிழ் வயாகாம்18உடையது, அதுவரை விஜய்க்குப் போட்டி. ஹாட்ஸ்டாருக்கு ஜியோ சினிமா போட்டி. எல்லாம் ஒரே வீட்டுக்குள் போய்விட்டது, 2025 பிப்ரவரியில் இரண்டு ஆப்பும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டாரும் ஆகிவிட்டது. நேதாஜி மார்க்கெட்டில் இரண்டு மண்டிக்காரர்கள் இருந்து ஒருவரை ஒருவர் முந்தி விலை கேட்டுக்கொண்டிருந்தால் இலவம்பாடிக் கத்தரிக்காய்க்கு ஒரு விலை. இருவரும் கூட்டுச் சேர்ந்துவிட்டால் என்ன விலை என்று கத்தரிக்காய் போடுகிறவரிடம் கேளுங்கள். அந்த வீட்டுக்கு ஜியோ ஸ்டூடியோஸ் என்று சொந்தத் தயாரிப்புக் கம்பெனியும் உறவு.

சோனியும் ஜீயும் சேர்வதாக இருந்து 2024 ஜனவரியில் முறிந்துவிட்டது. அந்த முறிவால் நமக்கு லாபம், இரண்டு கடை இரண்டாகவே இருக்கிறது. ஆகா தமிழ் என்கிற ஓடிடிக்குப் பின்னால் இருப்பது தெலுங்கின் கீதா ஆர்ட்ஸ் குடும்பமும் மை ஹோம் குழுமமும். நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் இரண்டும் பெரிய பெயர்கள்தான், ஆனால் பெரிய நடிகர் இல்லாத படத்தை அவர்கள் முன்கூட்டியே வாங்குவது அபூர்வம். தியேட்டரில் என்ன பேச்சு வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார்கள்.

கேபிளையும் சேர்த்தே பாருங்கள், வேலூர்க்காரர்களுக்கு இது புதிது இல்லை. கம்பி யார் கையில் என்பதற்காகவே 2007இல் அரசு கேபிள் நிறுவனம் பதிவாகி, அதன் கட்டுப்பாட்டு அறை வைத்த நாலு ஊர்களில் வேலூரும் ஒன்றாக இருந்தது, தஞ்சாவூர், கோவை, திருநெல்வேலியோடு. நடுவில் படுத்துக் கிடந்து 2011இல் எழுந்தது. ஒரு சேனல் உங்கள் தெருவில் தெளிவாக வருவதும் வராததும்கூட முதலாளி விஷயம் என்று அப்போதே பார்த்தவர்கள் நாம்.

இந்தப் பகுதியில் செய்ய வேண்டியது சுருக்கம்தான். பட்ஜெட்டில் "சாட்டிலைட், டிஜிட்டல் வரவு" என்று எழுதுகிற தொகைக்குப் பக்கத்தில், அதை வாங்கக்கூடிய தனித்தனி முதலாளிகள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். மூன்று பேர்கூட வரவில்லை என்றால் அந்தத் தொகையை அடித்துவிட்டு, தியேட்டர் வரவை மட்டும் வைத்துப் படத்தின் செலவைக் குறையுங்கள். கதையைக் குறைக்க வேண்டாம், ஷூட்டிங் நாட்களைக் குறையுங்கள்.

என்.எஸ்.சி. ஏரியாவில் ஒரு வெள்ளிக்கிழமை

மாவட்டம் 1989இல் பிரிந்து, 2019இல் இன்னும் மூன்றாக உடைந்துவிட்டது. சினிமா வியாபாரத்தில் மட்டும் நாம் இன்னும் வட ஆற்காடுதான். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்து என்.எஸ்.சி. என்று ஒரே ஏரியா. இந்த ஏரியா வியாபாரத்தைப் பேசி முடிக்கிற இடம் வேலூர் இல்லை, சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய மீரான் சாகிப் தெரு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இப்போது ஆபீஸ்கள் சிதறிவிட்டன, ஆனாலும் பேச்சு நடப்பது சென்னையில்தான். வசூலில் கனமான பங்கு வருவதும் தாம்பரம், பூந்தமல்லி மாதிரி சென்னையை ஒட்டிய மல்டிபிளெக்ஸ்களிலிருந்து. விநியோகஸ்தரின் கண் அங்கேதான் இருக்கும். ஆரணியிலும் வாணியம்பாடியிலும் உங்கள் படத்துக்கு எந்தக் காட்சி கிடைத்தது என்று அவர் தூக்கம் கெட்டு விசாரிக்க மாட்டார். அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

வியாபாரம் மூன்று நாலு விதம். எம்.ஜி. என்றால் விநியோகஸ்தர் ஒரு தொகையை உறுதியாகக் கொடுத்துவிடுவார், படம் ஓடாவிட்டால் நஷ்டம் அவருடையது. அட்வான்ஸ் என்றால் வசூலாகாத தொகையைத் திருப்பிக் கேட்பார். கமிஷன் என்றால் அவர் படத்தைத் தியேட்டர்களில் போட்டுத் தருவார், சதவீதம் எடுத்துக்கொள்வார், விளம்பரச் செலவெல்லாம் உங்கள் தலையில். புதுமுகங்களின் சின்னப் படத்துக்கு எம்.ஜி. கொடுக்க இன்று கிட்டத்தட்ட ஆள் இல்லை. கமிஷன்தான் கிடைக்கும், அல்லது நீங்களே ரிலீஸ் பண்ண வேண்டும்.

தியேட்டர்காரர் ஏன் பெரிய கம்பெனிக்கு வளைந்து கொடுக்கிறார் என்று புரிந்துகொள்ளாமல் அவரைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. அவருக்கு வருஷத்தில் பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, தீபாவளி என்று சில வாரங்கள்தான் ஹவுஸ்ஃபுல் போர்டு. மின்கட்டணமும் சம்பளமும் மற்ற வாரங்களிலும் உண்டு. தீபாவளிப் படம் யாரிடம் இருக்கிறதோ, அவர் ஆகஸ்டில் கொண்டுவருகிற சுமாரான படத்துக்கும் நல்ல காட்சியைக் கொடுத்து வைத்தால்தான் தீபாவளிக்கு முகம் கொடுத்துப் பேசுவார்கள் என்ற கணக்கு அவர் மனதில் ஓடும். எந்த ஒப்பந்தத்திலும் இதை எழுதுவதில்லை, யாரும் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. நீங்கள் கொண்டுபோவது ஒரே ஒரு படம், அதற்குப் பின்னால் தீபாவளி இல்லை. அதனால் காலை பத்தரையோ மதியமோ கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமைக்குள் அதுவும் போய்விடலாம்.

அதற்காக என்ன செய்வது? ரிலீஸுக்கு மூன்று மாதம் முன்னாலேயே உங்கள் ஊர்த் தியேட்டர்களை வாரா வாரம் குறித்து வாருங்கள். எந்தத் திரையில் எந்தப் படம், எத்தனை காட்சி, திங்கட்கிழமை எத்தனையாகக் குறைந்தது. டிக்கெட் ஆப்பிலேயே தெரியும். (அந்த ஆப்களுக்கும் முதலாளி உண்டு. டிக்கெட்நியூ சென்னையில் பிறந்தது, அலிபாபா, பேடிஎம் என்று கைமாறி 2024இல் சொமேட்டோவிடம் போனது. புக்மைஷோவில் ரிலையன்ஸின் நெட்வொர்க்18க்குப் பங்கு இருக்கிறது.) குறித்து வந்தால் இரண்டு விஷயம் தெரியும். எந்தத் தியேட்டர்காரர் தனி ஆள், சொந்தமாக முடிவெடுப்பார் என்பது ஒன்று. எந்த வாரங்களில் பெரிய வீட்டுப் படம் எதுவும் இல்லாமல் அவர் வெறும் திரையை வைத்துக்கொண்டிருக்கிறார் என்பது இன்னொன்று. அந்த ஆளையும் அந்த வாரத்தையும் பிடியுங்கள். பரீட்சை மாதம் என்று எல்லோரும் ஒதுங்குகிற வாரத்தில் நாலு காட்சி கிடைத்தால், விடுமுறையில் கிடைக்கிற ஒரு காலைக் காட்சியைவிட அது மேல் என்பேன்.

மல்டிபிளெக்ஸ் கதை வேறு. 2018இல் பிவிஆர், சத்யம் சினிமாஸை நடத்திய எஸ்.பி.ஐ.யை வாங்கியது, 2023இல் ஐநாக்ஸோடு ஒன்றானது. இப்போது ஊர் ஊராக மேனேஜரைப் பார்த்துப் பேசி ஆகப்போவது ஒன்றும் இல்லை, எந்தப் படத்துக்கு எத்தனை காட்சி என்று முடிவு செய்கிற குழு மேலே உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கம்பெனிக்கு விநியோகப் பிரிவும் உண்டு. அங்கே தனியாகப் போவதைவிட, ஏற்கெனவே பேச்சுப் பழக்கம் உள்ள விநியோகஸ்தர் வழியாகப் போவதுதான் புத்திசாலித்தனம்.

அப்புறம் புரொஜெக்டர் ரூம். படம் வியாழக்கிழமையே சர்வரில் ஏறியிருக்கும். ஆனால் ஓடாது. கே.டி.எம். என்று ஒரு சின்ன ஃபைல் மெயிலில் வர வேண்டும், எந்தத் தியேட்டர், எந்தத் திரை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று அதில் பூட்டு போட்டிருக்கும். ஃபைனான்ஸ் பாக்கி, லேப் பாக்கி, பழைய படத்தின் பாக்கி என்று யாராவது தடுத்தால் அந்த மெயில் வராது. பத்தரைக் காட்சிக்கு வாசலில் ஜனம் நிற்கும், ஹீரோவின் சொந்தக்காரர்கள் காட்பாடியிலிருந்து வேன் வைத்து வந்திருப்பார்கள், ஆபரேட்டர் மெயிலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். முதல் காட்சி போனால் அன்றைய விமர்சனமும் போச்சு. ஆகவே ரிலீஸுக்குப் பத்து நாள் முன்னாலேயே எல்லாரிடமும் எழுத்தில் க்ளியரன்ஸ் வாங்கி ஃபைலில் வையுங்கள். டிஜிட்டல் புரொஜெக்ஷன் கம்பெனிகள் திரைக்கு வாங்குகிற கட்டணம், அதுதான் வி.பி.எஃப்., பெரிய படத்துக்கும் உங்கள் படத்துக்கும் வசூலைப் பார்த்து வருவதில்லை. ஆயிரம் பேர் பார்த்தாலும் முப்பது பேர் பார்த்தாலும் கட்டணம் கட்டணம்தான். இதற்காகத்தான் 2018 மார்ச்சில் தயாரிப்பாளர்கள் புதுப் படங்களையே நிறுத்தி வைத்தார்கள், ஒன்றரை மாதத்துக்கு மேல் நீடித்தது. திரைகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பெருமை பேசுவதற்கு முன்னால் இந்தச் செலவைப் பெருக்கிப் பாருங்கள். உங்கள் படத்துக்கு இருநூறு திரை வேண்டாம், நாற்பது நல்ல திரை போதும்.

கையெழுத்துக்கு முன்னால்

எண்பதுகளில் படம் எடுத்த எத்தனையோ பேர் நெகட்டிவ் உரிமையோடு மொத்தமாகக் கொடுத்துவிட்டார்கள், அந்தப் படங்கள் இன்றும் டிவியில் ஓடிக்கொண்டிருக்கின்றன, எடுத்தவர் வீட்டுக்கு ஒரு பைசா வருவதில்லை. எல்லா வாசலும் உள்ள முதலாளி உங்களிடம் கேட்பதும் மொத்தமாகத்தான், ஏனென்றால் அவரால் எல்லாவற்றையும் பயன்படுத்த முடியும். நீங்கள் பிரித்துப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும்.

காப்புரிமைச் சட்டம் இதில் உங்கள் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. உரிமை மாற்றிக் கொடுக்கிற ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் அது ஐந்து ஆண்டு என்றுதான் பொருள். எந்த நிலப்பரப்பு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகும். இனிமேல் வரப்போகிற ஊடகத்துக்கான உரிமை, ஒப்பந்தத்தில் அதைக் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால், போய்ச் சேராது. 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதையும் மறக்காதீர்கள். காலம், நிலப்பரப்பு, ஊடகம் பற்றிச் சொன்னதெல்லாம் ஒப்பந்தம் மௌனமாக இருந்தால்தான். பெரிய கம்பெனியின் ஒப்பந்தம் மௌனமாக இருக்காது, "நிரந்தரமாக, உலகம் முழுவதும், இப்போதுள்ள மற்றும் இனி வரும் எல்லா ஊடகங்களிலும்" என்று அழகாக எழுதிக் கொண்டுவரும். அந்த வரியைக் கண்டால் பேனாவை மூடிவிட்டு, ஐந்து வருஷம், இந்த இந்த ஊடகம், இந்த மொழி என்று மாற்றக் கேளுங்கள். முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பத்து வருஷம் என்று வந்து நின்றாலும் நிரந்தரத்தைவிட எவ்வளவோ மேல், படத்தின் காப்புரிமை வெளியான பிறகு 60 வருஷம் இருக்கிறது.

சட்டத்தில் இல்லாத ஒன்றையும் கேளுங்கள்: எந்தத் தேதிக்குள் ஒளிபரப்புவார்கள் என்று. சொந்தப் படங்கள் வரிசையில் நிற்கும்போது வெளியாள் படம் அலமாரியில் தூங்கும், மிச்சப் பணம் "ஒளிபரப்பான பிறகு" என்று எழுதியிருந்தால் அந்தப் பணமும் கூடவே தூங்கும்.

தணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏ சான்றிதழ் வாங்கினால் படத்தை அப்படியே டிவியில் போட முடியாது, வெட்டி மறுபடி யு அல்லது யு/ஏ வாங்க வேண்டும். சாட்டிலைட் பணத்தை நம்பி எடுக்கிறவர் கதை எழுதும்போதே இதைத் தெரிந்துகொண்டு எழுதட்டும்.

பெரிய இடத்தோடு சேர்வதென்றால்

சேரவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். லண்டனில் வொர்க்கிங் டைட்டில் என்று ஒரு கம்பெனி, பார்க்க சுயேச்சைக் கம்பெனி மாதிரி இருக்கும், ஆனால் அது யுனிவர்சலுடையது, யுனிவர்சல் காம்காஸ்ட்டுடையது. சர்ச்லைட் பிக்சர்ஸ் டிஸ்னியுடையது. சின்னப் படங்களுக்கென்று பெரிய வீடுகளே ஒரு தனி அறை வைத்துக்கொள்கின்றன. இங்கே சரிகமா, பழைய எச்.எம்.வி.தான், யூட்லி என்ற பெயரில் படங்கள் எடுக்கிறது. பாட்டுக் கம்பெனியே தயாரிப்பாளர்.

தமிழில் பெரிய இடம் உங்களை நெருங்கினால் பெரும்பாலும் இரண்டு வடிவம். ஒன்று, ஃபர்ஸ்ட் காப்பி: இவ்வளவு தொகைக்குப் படத்தை முடித்துக் கையில் கொடு என்பார்கள். மிச்சம் பிடித்தால் உங்களுக்கு, மழை வந்து ஷூட்டிங் நின்றால் அதுவும் உங்களுக்கு, படம் பெரிதாக ஓடினால் அது அவர்களுக்கு. முதல் படத்துக்கு இது பரவாயில்லை, ராத்திரி தூக்கம் வரும். ஆனால் மறு பாகம், ரீமேக் உரிமையில் ஒரு பங்கையாவது எழுதி வாங்குங்கள். இரண்டாவது, படம் முடிந்த பிறகு வெளியீட்டுக்கு மட்டும் அவர்கள் பெயரைப் போடுவது. தியேட்டர் கதவு திறக்கும், அது நிஜம். தியேட்டரை அவர்களுக்குக் கொடுத்து, டிவியையும் ஓடிடியையும் நீங்கள் வைத்துக்கொள்ள முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லலாம். எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால், அந்தத் தொகை உங்கள் செலவுக்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், "அடுத்த படமும் நம்ம பேனர்லதான்" என்கிற பேச்சுக்கு விலை போடாதீர்கள்.

மீதி வழிகள்

பி.எஸ். வினோத்ராஜின் கூழாங்கல் 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது, 2023இல் சோனி லிவ்வில் வந்தது. விழா வழி என்பது எல்லோருக்கும் ஆகாது, பொறுமை வேண்டும், ஆனால் அங்கே தேர்ந்தெடுக்கிறவர் சேனல் முதலாளி இல்லை. கோவாவில் நவம்பர் மாதம் திரைப்பட விழாவை ஒட்டி, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்.எஃப்.டி.சி. நடத்துகிற ஃபிலிம் பஜார் என்ற படச் சந்தைக்கு, முடியாத படத்தோடும் போகலாம், திரைக்கதையோடும் போகலாம்.

நமக்கு இன்னொரு சௌகரியம், சித்தூர் கைக்கெட்டும் தூரத்தில். வேலூரில் தெலுங்குப் படத்துக்குக் கூட்டம் உண்டு, தெலுங்கு பேசுகிற நடிகர்களும் உண்டு. தெலுங்கு டப்பிங் உரிமையைத் தமிழ் ஒப்பந்தத்தோடு இலவச இணைப்பாகக் கொடுத்துவிடாமல் தனியாக வைத்திருங்கள். அந்தப் பக்கம் தியேட்டரில் போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள், தெலுங்கில் பெரிய தயாரிப்பாளர்களே தியேட்டர்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்துவது நம்மைவிட அதிகம், நம் தாளின் வலது கட்டம் அங்கே இன்னும் இறுக்கம். ஓடிடிக்கும் யூடியூபுக்கும் அந்த டப்பிங் உதவும்.

ரிலீஸ் ஆன பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சம். தினமும் கடைசிக் காட்சி முடிந்ததும் ஒவ்வொரு தியேட்டரிலிருந்தும் டி.சி.ஆர்., அதாவது அன்றைய வசூல் கணக்கு, விநியோகஸ்தருக்குப் போகும். அதன் நகல் உங்களுக்கும் அன்றே வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வேலூர், ஆற்காடு, ஆரணிக்கு ஒரு நம்பிக்கையான பையனை அனுப்பி, மாலைக் காட்சியில் தலையை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கையும் டி.சி.ஆரும் ஒத்துப் போனால் சரி. போகாவிட்டால் மறுநாள் காலையிலேயே போன் பண்ணுங்கள், வாரம் முடியட்டும் என்று இருந்தால் அதற்குள் அடுத்த வெள்ளிக்கிழமைப் படத்தின் பேனர் வாசலில் ஏறிவிடும், உங்கள் கணக்கைப் பேச அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. மூன்று நாள் சேர்ந்த எண்ணிக்கை கையில் இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு ஓடிடிக்காரர்களிடம் போங்கள், அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.